பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

புது தில்லி
12.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சீலன் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாமாவும் பெரியவளும், இன்னும் நான் நேரில் பார்க்காத அமலிக் குட்டியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் "மீட்டிங்" என்று வைத்துவிடுகிறேன், இனிமேல் எதுவானாலும் கடிதம் எழுது என்று திட்டினாயே, அதற்குப் பயந்து எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. கூட ஒரு புத்தகம் வருகிறது. பச்சை அட்டை, கையடக்கம். இரண்டாம் பக்கத்தைத் திறந்து பார். "ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தவர்" என்று ஆங்கிலத்தில் போட்டு, அதன் கீழே அப்பாவின் முதலெழுத்தோடு ஜெயசீலன் என்று என் முழுப் பெயர். மாரிமுத்துவின் மகன் பெயர் அச்சில் வந்துவிட்டது அக்கா!

இது என்ன புத்தகம் என்று கேட்பாய். போன நவம்பரில் மத்திய அரசு இருபத்தொன்பது தொழிலாளர் சட்டங்களை எடுத்துவிட்டு, அவற்றை நான்கு தொகுப்புகளாக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உன் அடுப்படியில் இருபத்தொன்பது டப்பா இருந்தது, அதையெல்லாம் நாலு பெரிய தூக்கில் கொட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள். துவரம்பருப்பு இப்போது எந்தத் தூக்கில் இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டுமல்லவா? அதைச் சொல்வதுதான் என் அட்டவணை. இடப்பக்கம் பழைய பிரிவின் எண், வலப்பக்கம் அதற்கு இணையான புதிய பிரிவின் எண். பழசில் இணை இல்லாத பிரிவுக்கு எதிரே "புதியது" என்று போட்டிருக்கிறேன்.

மூன்றே வாரத்தில் முடித்தேன். எங்கள் பதிப்பகத்தின் தலைமை ஆசிரியர் அரங்கநாதன் சார் லேசில் யாரையும் பாராட்டமாட்டார், அவரே முதுகில் தட்டினார். புத்தகம் நாடு முழுக்கக் கம்பெனிகளுக்குப் போகிறது. மார்ச்சில் என் வேலையை நிரந்தரமாக்குவதாகவும் சொல்லியிருக்கிறார்.

குட்டிக்கு என் முத்தம்.

உன் அன்புத் தம்பி,
சீலன்

*

உறுவையாறு
22.1.2026

மரியே வாழ்க

அன்புத் தம்பி சீலனுக்கு,

அக்கா சகாயராணி எழுதுவது. எல்லோரும் நலம். அமலிக்குக் கீழே இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது. கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். உன் புத்தகத்தையும் கடித்துவிட்டாள், மூலையில் தடம் இருக்கிறது.

தபால்காரர் கவரைக் கொடுத்ததும் தெருவில் நின்றே பிரித்தேன். உன் பெயரைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் மாமா பனித்திட்டிலிருந்து மீன் லோடு இறக்கிவிட்டு வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தொட்டார். "இன்னாடி இது, உந்தம்பி சட்டமே எழுதுறானா?" என்றார். சட்டம் எழுதவில்லை, சட்டத்துக்கு வழி எழுதுகிறான் என்றேன். சரிதானே?

பிப்ரவரி ஒன்றாம் தேதியோடு என் பிரசவ விடுப்பு முடிகிறது. மூலக்குளத்தைத் தாண்டி இருக்கிற அதே அட்டைப்பெட்டிக் கம்பெனிதான். வாசலை ஒட்டிக் குழந்தைகள் அறை இருப்பதால் எனக்குக் கவலை இல்லை. பெரியவளும் அந்த அறையில் வளர்ந்தவள்தானே. ஒரு ஷிப்டில் நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம், பால் கொடுக்கலாம். அது எந்தத் தூக்கில் இருக்கிறது என்று உன் புத்தகத்தில் தேடினேன். என் இங்கிலீஷுக்கு அகப்படவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ரொட்டியை மட்டும் தின்று காலம் தள்ளாதே.

அக்கா,
சகாயராணி

*

உறுவையாறு
6.2.2026

மரியே வாழ்க

அன்புத் தம்பிக்கு,

வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசுதான் சுகமில்லை. உன் பதிலுக்குக் காத்திராமல் மறுபடி எழுதுகிறேன்.

இரண்டாம் தேதி அமலியைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனால் குழந்தைகள் அறை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொட்டில் கட்டும் கம்பி வரைக்கும் அட்டைச் சுருள் அடுக்கியிருக்கிறார்கள். என் லைனில் வேலை செய்யும் கஸ்தூரி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "பொங்கலுக்கு முன்னாடியே பூட்டிட்டாங்கக்கா. எம்புள்ளய எங்க அத்த வூட்ல வுட்டுட்டு வரேன். ரெண்டு பேரு வேலைய வுட்டே நின்னுட்டாங்க" என்றாள்.

நேராக எச்.ஆர். நவீன்குமாரிடம் போனேன். மரியாதையான பையன்தான், உட்காரச் சொன்னான். "மேடம், அந்த பழைய பிரசவ ஆக்டே ரிப்பீல் ஆயிடுச்சி. புதுசு வந்துடுச்சி. கொழந்தைங்க ரூமு பத்தின பழைய 11-ஏவுக்கு அதுல எடமே இல்ல. வேணும்னா நீங்களே பாருங்க" என்று டிராயரைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தான்.

பச்சை அட்டை. கையடக்கம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை சீலா. "அய்ய, இது எந்தம்பி எழுதனது!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவன் இரண்டாம் பக்கத்தைப் புரட்டி உன் பெயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்ப உங்க தம்பியே இல்லேன்னு சொல்லிட்டாரே மேடம், நான் இன்னா பண்றது?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பெரியவளை எழுத்துக்கூட்டச் சொல்லிப் பார்த்தேன். பிரசவச் சட்டத்துக்கு நேரே 11 இருக்கிறது, 12 இருக்கிறது. நடுவே ஏ இல்லை.

இப்போதைக்குப் பக்கத்து வீட்டு வேலம்மாள் குட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கும் வயல் வேலை வந்துவிட்டால் எனக்கு வேறு போக்கில்லை. பதினோரு மணிக்கு மெஷினில் நிற்கும்போதே மார் கட்டிக்கொண்டு புடவை நனைந்துவிடுகிறது. நீ இல்லை என்று எழுதினால் இல்லைதான், நான் வேலையை விட்டுவிடுகிறேன். இருக்கிறது என்றால் எங்கே இருக்கிறது என்று சொல். உன் ஒரு வார்த்தை போதும்.

அக்கா,
சகாயராணி

*

புது தில்லி
20.2.2026

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. காலை ஒன்பது மணிக்கும் எதிரே வரும் பஸ் தெரிவதில்லை. இந்த வருஷம் குளிர் நீண்டுவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் சுகம்.

உன் கடிதம் பத்தாம் தேதியே கிடைத்தது. வேலையில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலையை விடாதே.

சட்டத்தில் எண் போடுவது தெருவில் கதவு எண் போடுவது போலத்தான். 11-க்கும் 12-க்கும் நடுவே புதிதாக ஒரு வீடு வந்தால் தெரு முழுக்க எண்ணை மாற்றமாட்டார்கள். 11-ஏ என்று போடுவார்கள். உங்கள் குழந்தைகள் அறை 2017-இல் திருத்தமாக அப்படி வந்து சேர்ந்தது. தெருவையே இடித்துப் புதிதாகக் கட்டும்போது ஏ, பி எல்லாம் போய், ஒன்று இரண்டு என்று வரிசையாக எண் போட்டுவிடுவார்கள். அதனால் பழைய எண்ணைக் காணோம் என்றால் வீட்டையே காணோம் என்று ஆகாது.

சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் 67-ஆம் பிரிவைக் கேள். ஐம்பது பேர் வேலை செய்தால் குழந்தைகள் அறை வேண்டும், நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்று அதில் இருக்கிறது. வாயால் கேட்காதே, எழுத்தில் கேள். மனுவை வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள். அட்டவணை என்பது வெறும் வழிகாட்டிதான், அதை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்யக் கூடாது.

குட்டிக்கு இன்னும் எத்தனை பல்?

தம்பி,
சீலன்

*

உறுவையாறு
1.3.2026

மரியே வாழ்க

அன்புத் தம்பிக்கு,

தவக்காலம், கறி மீன் இல்லை. மற்றபடி நலம். பல் நாலு.

உன் கதவு எண் கதை எனக்கு நன்றாகவே புரிந்தது. எங்கள் தெருவில் 14-ஏ வீட்டுக்காரருக்கு வரும் தபாலெல்லாம் 14-க்குத்தான் போகிறது. கொம்யூன் பஞ்சாயத்துக்கு அவர் நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

நீ சொன்னபடி மனு எழுதி, கஸ்தூரியோடு சேர்த்து ஏழு பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். நவீன்குமார் படித்துவிட்டு மறுபடியும் அதே பச்சைப் புத்தகத்தை எடுத்தான். 67-ஐத் தேடி விரலை வைத்தான். "பாருங்க மேடம், 67-க்கு நேரா 'புதியது'ன்னு போட்டுக்கீது. பழசோட தொடர்ச்சின்னா பழைய ரூல்ஸ் ஓடும், ரூமத் தொறந்தே ஆவணும். இது புதுசு. புதுசுன்னா புது ரூல்ஸ் வரணும், எத்தினி பேரு, எவ்ளோ தூரம்னு சொல்லணும். வர்ற வரைக்கும் ஸ்டோரா வெச்சிக்கலாம்னு மேனேஜ்மென்ட் சொல்லிடுச்சி" என்றான்.

அதாவது இந்தப் பிள்ளை அந்தத் தாய்க்குப் பிறந்ததா, இல்லை வழியில் வந்து சேர்ந்ததா என்பதுதான் வழக்கே. நீ உன் கடிதத்தில் பழைய அறைதான் புதிய எண்ணில் இருக்கிறது என்கிறாய். உன் புத்தகத்தில் புதியது என்கிறாய். இரண்டில் எது சீலா? நேராகக் கேட்கிறேன்: ஏன் புதியது என்று போட்டாய்?

வேலம்மாள் இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன் என்றிருக்கிறாள். அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வராது.

அக்கா,
சகாயராணி

*

புது தில்லி
16.3.2026

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர் போய்விட்டது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது, மின்விசிறி போட ஆரம்பித்துவிட்டோம். ஊரில் எப்படி?

இருபதாம் தேதி என் வேலை நிரந்தரம் பற்றிய நேர்காணல். அதற்குப் பிறகு விரிவாக எழுதுகிறேன். நீ தைரியமாக இரு. 67-ஐ விடாதே. மாமாவுக்கு என் அன்பு.

தம்பி,
சீலன்

*

உறுவையாறு
22.3.2026

மரியே வாழ்க

சீலனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். ஊரில் வெயில் எப்படி என்று கேட்டாய். வெயில் வெயிலாகத்தான் இருக்கிறது.

ஐந்தாவது படிக்கும்போது அப்பாவின் சைக்கிளைப் பாகூர் ஏரியில் விட்டுவிட்டு நடந்து வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, இன்னிக்கு மழ வர்ற மாரி கீதுல்ல?" என்று ஆரம்பித்தாய். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று. நீ தப்புச் செய்தால் முதலில் வானிலையைத்தான் பேசுவாய். உன் மூன்று கடிதத்தையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஜனவரியில் எழுதியதில் குளிர் இல்லை, பனி இல்லை. என் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு எழுதிய இரண்டிலும் முதல் வரியே அதுதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே தம்பி. ஆனைக்கும் அடி சறுக்கும், அதற்கு எனக்குக் கோபமில்லை. என் பிள்ளை அடுத்த வீட்டில் அழுதுகொண்டிருக்கும்போது வாயைத் திறக்காமல் இருக்கிறாயே, அதற்குத்தான் வயிறு எரிகிறது. இனி நான் கேட்கமாட்டேன்.

தொழிலாளர் அலுவலகத்தில் நானும் கஸ்தூரியும் புகார் கொடுத்துவிட்டோம். ஏப்ரல் எட்டாம் தேதி, புதன்கிழமை விசாரணை. இரு தரப்பும் கையில் இருக்கிற காகிதங்களோடு வர வேண்டுமாம். கம்பெனி உன் புத்தகத்தைக் கொண்டு வரும். நான் அமலியைத் தூக்கிக்கொண்டு போவேன். என் தம்பி பெயர் எனக்கு எதிராக மேஜை மேல் இருக்கும். பரவாயில்லை, அதையும் பார்த்துவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சகாயராணி

*

புது தில்லி
28.3.2026

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கும் தகுதி இன்றைக்கு எனக்கில்லை. தப்பு என்னுடையதுதான்.

எங்கள் நூலகத்தில் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு தடித்த தொகுதி உண்டு. நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தால், அதை அச்சடித்துக் கத்தரித்து, தொகுதியில் உரிய பக்கத்தில் ஒட்டுவது வழக்கம். நாற்பது வருஷத்துத் திருத்தமெல்லாம் சீட்டுச் சீட்டாக ஒட்டியிருக்கும். கம்ப்யூட்டரில் எது இருந்தாலும் கடைசியில் அந்தத் தொகுதியோடு ஒப்பிட வேண்டும் என்பது அரங்கநாதன் சார் போட்ட விதி. மூன்று வாரத்தில் முடிக்கும் அவசரத்தில் நான் தொகுதியை மட்டுமே பார்த்தேன். அதில் 11 இருந்தது, அடுத்து 12 இருந்தது. 67 எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் "புதியது" என்று போட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே தொகுதியை எடுத்துத் தட்டினேன். எங்கோ பின்பக்கத்திலிருந்து ஒரு சீட்டு விழுந்தது. 11-ஏ. பசை காய்ந்து உதிர்ந்திருந்தது. அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு என் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். மார்ச் இருபது முடியட்டும், வேலை நிரந்தரம் ஆகட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். உனக்கு வழியும் சொல்லிவிட்டேன், மறைக்கவும் மறைத்துவிட்டேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நேர்காணலும் நன்றாக முடிந்தது. ஆணையும் கைக்கு வந்தது. அப்போதும் சொல்லவில்லை அக்கா.

நேற்று உன் கடிதம் வந்தது. சைக்கிள் வரியைப் படித்ததும் எழுந்து நேரே சார் அறைக்குப் போய், சீட்டை மேஜையில் வைத்தேன். அவர் சத்தம் போடவில்லை. "எவ்வளவு நாளா ஒங்கிட்ட இருக்கு?" என்று மட்டும் கேட்டார். நாற்பத்தைந்து நாள் என்றேன். "தப்பு மூணு வாரத்துது. மறைச்சது நாப்பத்தஞ்சு நாளு. ரெண்டாவதுக்குத்தான் தண்டனை" என்றார். என் நிரந்தர ஆணையை ஆறு மாதம் தள்ளி வைத்துவிட்டார். இன்று காலையே திருத்தச் சீட்டு அச்சாகிவிட்டது. புத்தகம் வாங்கிய எல்லோருக்கும் போகிறது. யார் செய்த பிழை என்று போட வேண்டிய அவசியம் இல்லை என்றார். நான்தான் போடச் சொன்னேன்.

இத்துடன் திருத்தச் சீட்டு பத்து, 2017 திருத்தச் சட்டத்தின் அரசிதழ் நகல், புதிய சட்டத்தின் 67-ஆம், 164-ஆம் பிரிவுகளின் நகல் வைத்திருக்கிறேன். 164-ஐ அதிகாரியிடம் காட்டு. பழைய சட்டத்தின்படி நடந்தவை, புதிய சட்டத்தில் அதற்கு இணையான பிரிவின்படி நடந்ததாகவே கொள்ளப்படும் என்று அதில் இருக்கிறது. 67 அந்தத் தாய்க்குப் பிறந்த பிள்ளைதான் அக்கா. ரேஷன் கார்டில் பெயரை விட்டவன் நான்.

பிழை என்னுடையது என்று என் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றும் வைத்திருக்கிறேன். அதையும் கொடு.

உன் தம்பி,
சீலன்

*

உறுவையாறு
9.4.2026

மரியே வாழ்க

அன்புத் தம்பி சீலனுக்கு,

உயிர்ப்பு ஞாயிறு வாழ்த்துகள். எல்லோரும் நலம், இன்றைக்கு உண்மையாகவே நலம்.

உன் கவர் பெரிய வியாழனன்று வந்தது. படித்தேன், அழுதேன், உன்னைத் திட்டினேன். பிறகு உன் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். "சொல்ட்டான் இல்ல, வுடு" என்றார்.

நேற்று அலுவலகத்தில் அதிகாரியம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். நவீன்குமார் பச்சைப் புத்தகத்தை எடுத்து வைத்து, புதியது என்ற இடத்தைக் காட்டினான். நான் உன் கவரைப் பிரித்து ஒவ்வொன்றாக வைத்தேன். அந்த அம்மா 67-ஐப் படித்தார், அரசிதழைப் படித்தார், திருத்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். கடைசியில் உன் கடிதத்தைக் கையில் எடுத்து, "இந்த ஜெயசீலன்தான அந்த ஜெயசீலன்?" என்று கேட்டார்.

நவீன்குமார் என் பக்கம் திரும்பினான். "இன்னா மேடம் இது, தப்பா எழுதனதும் உங்க தம்பி, தப்புன்னு சொல்றதும் உங்க தம்பியா?"

"ஆமாம்பா. தப்பு பண்ணா ஒத்துக்கற புள்ளய எங்கப்பா பெத்து வுட்டுட்டுப் போயிக்கிறாரு. உனுக்கு இன்னா அதுல?" என்றேன். கஸ்தூரி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அதிகாரியம்மா தலையைக் குனிந்துகொண்டார், சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.

பிறகு நவீன்குமாரிடம் கேட்டார். "பழசோட தொடர்ச்சின்னா ரூமத் தொறந்தே ஆவணும்னு நீங்களே இவங்ககிட்ட சொன்னீங்களா?" புகாரில் அதை நான் அவன் சொன்னபடியே எழுதியிருந்தேன். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். பதினைந்து நாளில் அறையைக் காலி செய்து திறந்துவிட்டுத் தகவல் சொல்லச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிட்டார்.

கிளம்பும்போது நவீன்குமார் திருத்தச் சீட்டைப் புத்தகத்துக்குள் சும்மா செருகப் போனான். எனக்கு வந்தது பார் கோபம். ஒரு சீட்டு ஒட்டு விட்டுப்போனதால் வந்த வினைதானே இவ்வளவும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, நாலு பருக்கைச் சோற்றை நசுக்கி, அவன் புத்தகத்தை வாங்கி, 11-க்கும் 12-க்கும் நடுவே அழுத்தி ஒட்டிக் கொடுத்தேன். உங்கள் ஆபீஸ் பசை உதிரும். சோற்றுப் பசை உதிராது.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது. நாற்பத்தைந்து நாளுக்கு மட்டும் நேரில் வரும்போது ஒரு குட்டு இருக்கிறது.

அக்கா,
சகாயராணி

*

புது தில்லி
20.4.2026

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதத்தை அரங்கநாதன் சாருக்குப் படித்துக் காட்டினேன். சோற்றுப் பசை வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு கிடங்கில் விற்காமல் இருக்கும் பிரதிகளிலெல்லாம் நானே உட்கார்ந்து சீட்டு ஒட்ட வேண்டும் என்றார். ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

நூலகத் தொகுதிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் வேலை இப்போது என்னுடையது. பிரித்துப் பிடித்து ஆட்டினால் எது உதிர்கிறது என்று தெரிந்துவிடும். இதுவரை மூன்று சீட்டு விழுந்திருக்கிறது. விழுந்த ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ ஒரு வாசலில் பிள்ளையோடு நிற்பது போலத் தோன்றுகிறது. விழுந்த அன்றே சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

அறையைத் திறந்துவிட்டார்களா? அதை மட்டும் உடனே எழுது.

இந்தக் கடிதத்தில் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பார்த்தாயா?

தம்பி,
சீலன்

*

உறுவையாறு
2.5.2026

மரியே வாழ்க

அன்புத் தம்பி சீலனுக்கு,

பார்த்தேன், பார்த்தேன். முதலில் அதைத்தான் தேடினேன்.

நாங்கள் நலம். மாதா தேருக்கு வில்லியனூர் போய் உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அமலி முட்டி போட்டுப் போகிறாள். இன்னும் இரண்டு மாதத்தில் நடந்துவிடுவாள், அதற்குள் வந்து சேர்.

அறையை நீ கடிதம் எழுதிய திங்கட்கிழமையே திறந்துவிட்டார்கள். அட்டைச் சுருள் கிடந்த இடமெல்லாம் தரையில் வட்டம் வட்டமாகக் கறை. நானும் கஸ்தூரியும் தேய்த்துக் கழுவினோம், முழுக்கப் போகவில்லை. குட்டி ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் போய் உட்கார்ந்து பார்க்கிறாள். வேலையை விட்டு நின்ற இரண்டு பேரில் ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள். இன்னொருத்தி வேறு வேலைக்குப் போய்விட்டாளாம். அவளை நினைத்தால் மட்டும் எனக்கு மனசு ஆறவில்லை. உனக்கும் ஆற வேண்டாம்.

பதினோரு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டுப் போனேன். என் குரல் கேட்டதும் கதவுப் பக்கம் திரும்பினாள் பார், அதற்கு நான் இன்னும் நூறு மனு எழுதுவேன். பால் குடித்துவிட்டு மடியிலேயே தூங்கிவிட்டாள். நவீன்குமார் அந்தப் பக்கமாக வந்தவன், எட்டிப் பார்த்துவிட்டு, ஃபேனை ஒரு நம்பர் குறைத்து வைத்துவிட்டுப் போனான்.

நீ அனுப்பிய பத்துச் சீட்டில் ஏழு சீட்டை மனுவில் கையெழுத்துப் போட்டவர்களுக்குக் கொடுத்தேன். ஒன்று அதிகாரியம்மாவிடம், ஒன்று நவீன்குமார் புத்தகத்தில். மிச்சம் ஒன்றை நம் வீட்டுப் புத்தகத்தில் ஒட்டினேன், ஆனால் அட்டவணையில் இல்லை. இரண்டாம் பக்கத்தில் உன் பெயருக்குக் கீழே இடம் நிறைய இருந்தது. அங்கே ஒட்டியிருக்கிறேன். அமலி எழுத்துக்கூட்டப் படித்ததும், "இது உன் மாமன் பேர், இது அவன் பண்ண தப்பு, இது அவனே திருத்தினது" என்று ஒரே பக்கத்தில் விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

வரும்போது துணி கிணி வாங்கிக்கொண்டு வராதே. பிள்ளைகள் அறைக்கு ஒரு நல்ல பாய் வாங்கி வா.

அக்கா,
சகாயராணி